தென் அமெரிக்காவை ஆண்டீஸிலிருந்து படிப்பது

பொது அறிவு நூல்களில் தென் அமெரிக்கா பெரும்பாலும் ஒரு சாதனைப் பட்டியலாகவே இடம்பெறுகிறது. நிலத்தின் மேல் உள்ள மிக நீண்ட மலைத்தொடர் ஆண்டீஸ், கடலுக்கு மிகுதியான நீரைக் கொண்டு சேர்க்கும் ஆறு அமேசான், துருவப் பகுதிகளை நீக்கிப் பார்த்தால் மிக வறண்ட பாலைவனம் அட்டகாமா, மிகப் பெரிய உப்புப் படுகை உயூனி, மிக உயரமான அருவி ஏஞ்சல் என்று அந்த வரிசை நீளும். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய இது போதும். ஆனால் ஏஞ்சல் அருவியைத் தவிர மற்றவை அனைத்தும் ஒரே மலைத்தொடரைச் சுற்றி நிகழ்ந்தவை என்பதும், அந்த மலையே அங்கு வாழ்ந்த மக்களின் உணவையும் அரசையும் துயரத்தையும் பெருமளவு தீர்மானித்தது என்பதும் பட்டியலில் தெரிவதில்லை. ஆகவே இக்கண்டத்தை முதன்முறையாக அறிய விரும்புவோர் நாடுகளின் பெயர்களிலிருந்து அல்லாமல் ஆண்டீஸிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அடிப்படைச் செய்திகள் சிலவற்றை முதலில் சொல்லிவிடலாம். தென் அமெரிக்காவின் பரப்பு சுமார் 1.78 கோடி சதுர கிலோமீட்டர். ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெரிய கண்டம் இது. 12 தன்னாட்சி நாடுகளும், இன்றும் பிரான்சின் ஒரு பகுதியாகவே நீடிக்கும் பிரெஞ்சு கயானாவும் இதில் அடங்கும். பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஏறத்தாழப் பாதி பிரேசிலுக்கு உரியது. நிலநடுக்கோடு கண்டத்தின் அகன்ற வடபகுதியைக் கடந்து செல்கிறது. தெற்கே போகப் போகக் குறுகும் நிலமோ அண்டார்க்டிகாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு வரை நீண்டு முடிகிறது. இந்த நீளம் முழுவதிலும், வெனிசுவேலா முதல் தென்முனைத் தீவுகள் வரை, மேற்குக் கரையை ஒட்டிச் சுமார் 7,000 கிலோமீட்டருக்கு ஆண்டீஸ் ஓடுகிறது. வெனிசுவேலா, கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய ஏழு நாடுகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன.

இம்மலை இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. பசிபிக் கடலின் அடியில் உள்ள நாஸ்கா எனப்படும் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்ந்து, தென் அமெரிக்கத் தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் மேல்தட்டின் விளிம்பு மடிந்து உயர்கிறது. ஆழத்துக்குச் செல்லும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உண்டாகி எரிமலைகளாக வெளிப்படுகிறது. இரண்டு தட்டுகளும் உராய்ந்து சிக்கிக்கொண்டு, பிறகு ஒரே நேரத்தில் விடுபடும்போது பெரும் நிலநடுக்கம் ஏற்படுகிறது. கருவிகளில் பதிவானவற்றுள் மிகப் பெரிய நிலநடுக்கம் 1960 மே 22 அன்று தெற்குச் சிலியில் வால்டிவியா நகருக்கு அருகே 9.5 அளவில் நிகழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை பசிபிக்கைக் கடந்து ஹவாயிலும் ஜப்பானிலும் உயிர்களைப் பலிகொண்டது. சிலி உலகிலேயே மிகுதியாகச் செம்பு எடுக்கும் நாடாக இருப்பதற்கும் தட்டு சரிந்து இறங்கும் இதே நிகழ்வுதான் காரணம்: பாறைக்குழம்போடு மேலெழுந்த கனிமக் கரைசல்கள் குளிர்ந்து படிந்த இடங்களே இன்றைய சுரங்கங்கள்.

ஆண்டீஸின் உச்சி அர்ஜென்டினாவில் உள்ள அகோன்காகுவா, 6,961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. ஈக்வடாரின் சிம்போராசோ 6,263 மீட்டர்தான் என்றாலும், நடுவில் புடைத்த பூமியின் வடிவம் காரணமாகப் புவி மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் புள்ளி அதன் உச்சியே. மலைத்தொடர் மிக அகன்றிருக்கும் பொலிவியாவிலும் தெற்குப் பெருவிலும் அது இரண்டாகப் பிரிந்து, நடுவே ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் ஆல்டிபிளானோ என்னும் பீடபூமியைத் தாங்கி நிற்கிறது. அங்கு விழும் நீர் எந்தக் கடலையும் சென்றடைவதில்லை. வடக்கில் அது 3,812 மீட்டர் உயரத்தில் டிட்டிகாகா ஏரியாகத் தேங்குகிறது; தெற்கில் பழங்கால ஏரிகள் வற்றியதால் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயூனி உப்புப் படுகை எஞ்சியுள்ளது.

மலை மழையை எப்படிப் பங்கிடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கண்டத்தின் தட்பவெப்பம் முழுவதும் தெளிவாகும். வடக்கிலும் நடுவிலும் காற்று அட்லாண்டிக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வீசுகிறது. ஈரம் சுமந்த அக்காற்று ஆண்டீஸின் கிழக்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து பெருமழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மேற்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. ஆகவே கிழக்கே அமேசான் காடு, மேற்கே அட்டகாமா பாலைவனம். தெற்கே படகோனியாவிலோ காற்று பசிபிக்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. அங்கே கணக்கு தலைகீழாகிறது: சிலியின் மேற்குச் சரிவில் மழைக்காடும் பனியாறுகளும், மலைக்குக் கிழக்கே அர்ஜென்டினாவில் புதர் மட்டுமே முளைக்கும் வறண்ட சமவெளியும் அமைந்துள்ளன. ஒரே மலை, காற்றின் திசை மாறியதும், தன் வறண்ட பக்கத்தை மேற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிக்கொள்கிறது. வரைபடத்தில் இந்த வறட்சிப் பட்டை பெருவின் கரையிலிருந்து படகோனியா வரை குறுக்காகச் சாய்ந்து ஓடுவதைக் காணலாம்.

அட்டகாமாவின் வறட்சிக்கு மலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அண்டார்க்டிகப் பக்கமிருந்து வடக்கு நோக்கிக் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர்ந்த நீர் தன் மேலுள்ள காற்றையும் குளிரச் செய்வதால், காற்று மேலெழுந்து மழை மேகமாக மாறுவதில்லை; கீழேயே பனிமூட்டமாகத் தங்கிவிடுகிறது. சிலியின் அரிக்கா நகரில் நீண்டகால ஆண்டுச் சராசரி மழை 1 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மலைக்கிராமங்கள் சிலவற்றில் இந்த மூடுபனியை மெல்லிய வலைகளில் பிடித்து, வழியும் துளிகளைக் குழாயில் திரட்டிப் பயன்படுத்துகிறார்கள். அதே வறண்ட, தெளிந்த வானத்துக்காகத்தான் உலகின் பெரிய தொலைநோக்கிகள் பல இப்பாலைவனத்தில் நிறுவப்பட்டுள்ளன. எகிப்தியருக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர், சின்சோரோ என்று இன்று அழைக்கப்படும் மீனவ மக்கள் தம் இறந்தவர்களை இங்கு பதப்படுத்திப் புதைத்தனர். அரசர்களை மட்டும் பதப்படுத்திய வழக்கம் அல்ல அது, அவர்கள் பதப்படுத்தியவற்றுள் பச்சிளங் குழந்தைகளின் உடல்களும் உண்டு.

நிலம் வறண்டிருந்தாலும் அக்கரையின் கடல் மிக வளமானது. ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீர் கொண்டுவரும் சத்துகளை உண்டு நுண்ணுயிர்கள் பெருக, அவற்றை நம்பி நெத்திலி இன மீன்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் குளிர்நீர் மேலெழுவது தளர்ந்து, வெப்பநீர் கரையை நோக்கிப் பரவும் நிலையையே எல் நீன்யோ என்கிறோம். அப்போது மீன் குறைகிறது, பாலைவனக் கரையில் வெள்ளம் வருகிறது, பசிபிக்கின் மறுகரை நாடுகள் வரை மழையின் போக்கு மாறுகிறது.

மலைக்குக் கிழக்கே நிலைமை வேறு. ஒரு காலத்தில் அமேசான் பகுதியின் மேற்குப் பாதியில் பெரும் சதுப்பும் ஏரிகளும் பரவிக் கிடந்தன. நீர் கிழக்கே அட்லாண்டிக்கை அடையவில்லை. ஆண்டீஸ் உயர உயர, அதிலிருந்து அரித்து வந்த வண்டல் அந்தத் தாழ்நிலத்தை நிரப்பி, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு நீரைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிட்டது. இன்று பெருவின் மலைகளில் பிறந்து சுமார் 6,400 கிலோமீட்டர் ஓடும் அமேசான், உலகின் ஆறுகள் அனைத்தும் கடலில் சேர்க்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே சேர்க்கிறது. சமவெளியின் தட்டைத்தன்மையை உணர ஓர் எடுத்துக்காட்டு போதும்: பெருவின் இக்கிட்டோஸ் நகரம் கடலிலிருந்து ஆற்று வழியே சுமார் 3,600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து அந்நகருக்குச் சாலை கிடையாது. படகிலோ விமானத்திலோதான் செல்ல முடியும்.

ஆண்டீஸின் பங்கைக் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடம் பிரேசிலின் மனௌஸ் நகருக்கு அருகே உள்ளது. மலையிலிருந்து வண்டல் சுமந்து, பால் கலந்த பழுப்பு நிறத்தில் சோலிமோயிஸ் என்ற பெயரில் வரும் பேராறும், மலைத்தொடர்பின்றிப் பழைய பாறைகளிலும் காட்டு மணலிலும் ஊறி, மட்கிய இலைகளின் சாயத்தால் கருந்தேநீர் நிறமேறிய ரியோ நெக்ரோவும் அங்கே சந்திக்கின்றன. இரண்டின் வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறாக இருப்பதால், சுமார் 6 கிலோமீட்டர் தூரம் ஒரே படுகையில், நடுவே கோடு கிழித்ததுபோல், கலக்காமல் ஓடுகின்றன. வண்டல் ஆற்றின் கரைகள் ஆண்டுதோறும் வெள்ளத்தால் உரமேற்றப்பட்டு விளைச்சல் தருவன; கரிய ஆற்றின் கரைகள் சத்துக் குறைந்தவை. காட்டுக்குள் மக்கள் எங்கு குடியேறினர் என்பதையும் இந்த வேறுபாடே பெரிதும் முடிவுசெய்தது.

ஏஞ்சல் அருவி மட்டும் இந்தக் கதையில் சேராது என்று சொன்னேன். வெனிசுவேலாவில் 979 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த அருவி, கயானாக் கேடயம் எனப்படும் மிகப் பழைய நிலப்பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள மேசை வடிவ மலைகளின் மணற்கல் 150 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதனுடன் ஒப்பிட்டால் ஆண்டீஸ் நேற்றுப் பிறந்தது.

தென் அமெரிக்கா முன்பு கோண்டுவானா என்னும் பெருநிலத்தில் ஆப்பிரிக்காவுடன் ஒட்டியிருந்தது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதிலிருந்து பிரிந்து, பின்னர் அண்டார்க்டிகாவிடமிருந்தும் விலகி, பல கோடி ஆண்டுகள் தீவாகவே கிடந்தது. எறும்புண்ணி, ஆர்மடில்லோ, யானை அளவுக்கு வளர்ந்து மறைந்துபோன தரை ஸ்லாத் (sloth) போன்ற விந்தையான விலங்குகள் அத்தனிமையில் உருவானவை. ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பனாமா நிலப்பாலம் மூடியபோது வடக்கிலிருந்து மான், ஜாகுவாரின் மூதாதையர், ஒட்டகக் குடும்பத்து விலங்குகள் ஆகியவை தெற்கே இறங்கின. ஆர்மடில்லோவும் முள்ளம்பன்றியும் வடக்கே ஏறின. ஒட்டகக் குடும்பம் பிறந்த வட அமெரிக்காவில் அது பிறகு அற்றுப்போய்விட்டது. ஆண்டீஸில் நிலைத்த குவானகோவிலிருந்தும் விக்குன்யாவிலிருந்தும்தான் மனிதர்கள் லாமாவையும் அல்பாக்காவையும் வளர்ப்பு விலங்குகளாக உருவாக்கினர். குதிரையும் மாடும் இல்லாத ஒரு நாகரிகத்துக்கு லாமா எவ்வளவு முக்கியமாயிற்று என்பது பிறகு தெரியும்.

மனிதர்கள் இக்கண்டத்தின் தெற்குப் பகுதிக்குச் சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதற்குச் சிலியின் மோண்டே வெர்டே அகழாய்வு சான்றளிக்கிறது. பெருவின் கரையோரப் பள்ளத்தாக்கு ஒன்றில் உள்ள காரல் நகரம் 4,500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. எகிப்தில் பிரமிடுகள் எழுந்த காலத்தில் இங்கும் படிநிலைக் கோயில் மேடுகள் எழுந்தன, அதுவும் மட்பாண்டம் செய்யத் தெரியாத மக்களால். பாலைவனக் கரையில் இது சாத்தியமானதற்கு மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளின் நீரும், நான் மேலே குறிப்பிட்ட கடலின் மீன் வளமும் காரணங்கள்.

மலைமேல் வாழ்ந்தோரின் பெருஞ்சாதனை பயிர்களில் இருக்கிறது. உருளைக்கிழங்கு டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய உயர்நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வளர்ப்புப் பயிரானது. ஆண்டீஸில் இன்றும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் வகைகள் உள்ளன. ஏன் இத்தனை வகைகள் என்றால், மலைச்சரிவில் சில நூறு மீட்டர் ஏறினாலே குளிரும் மண்ணும் மாறிவிடுவதால் ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு வகை தேவைப்பட்டது. மிக உயரத்தில் விளையும் கசப்புக் கிழங்குகளை அப்படியே உண்ண முடியாது. அவற்றைச் சுன்யோ ஆக்குவார்கள். சூன், சூலை மாதங்களில் கிழங்குகளைப் புல்வெளியில் பரப்பிவிட்டால் இரவின் உறைபனியில் அவை கல்லாக இறுகி, பகல் வெயிலில் இளகித் தளர்ந்துவிடும். சில நாள்கள் இப்படி விட்டபின் குடும்பத்தினர் அவற்றைக் குவித்து வெறுங்காலால் மிதிக்க, தோல் உரிந்து, உள்ளிருக்கும் நீரும் அதனுடன் கசப்பும் வெளியேறும். பிறகு காயவைத்தால் கிடைக்கும் இலேசான, கருத்த சிறு உருண்டைகள் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. உறைய வைக்கும் இரவும் கொளுத்தும் பகலும் அடுத்தடுத்து வரும் இம்மலையில்தான் இந்த முறை தோன்றியிருக்க முடியும். சேமிக்கத்தக்க உணவு கிடைத்த பிறகே பெரும்படையும் பேரரசும் சாத்தியமாயின. தாழ்நிலத்து மக்களும் பின்தங்கவில்லை. மரவள்ளி, நிலக்கடலை, அன்னாசி, முந்திரி, கொக்கோ ஆகியவை ஆண்டீஸுக்குக் கிழக்கே உள்ள நிலங்கள் உலகுக்குத் தந்தவை.

இன்கா அரசு இந்த நீண்ட அனுபவத்தின் கடைசி அத்தியாயம். தொடக்கம் என்று கருதிவிடக் கூடாது. சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள குஸ்கோவைத் தலைநகராகக் கொண்ட ஒரு சிற்றரசு, மரபுவழிக் கணக்கின்படி 1438-இல் பட்டமேற்ற பச்சகுத்தியின் காலம் முதல் நூறு ஆண்டுகளுக்குள், இன்றைய தெற்குக் கொலம்பியாவிலிருந்து நடுச் சிலி வரை சுமார் 4,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியது. நாணயம் இல்லை, இரும்பு இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை. ஆனால் படிக்கட்டுகளாய் ஏறி இறங்கும் சாலையில் சக்கரத்துக்கு என்ன வேலை? சுமார் 25 கிலோ சுமந்து வரிசையாக நடக்கும் லாமாக்களும், தொடர் ஓட்டமாகச் செய்தி கொண்டுசெல்லும் ஓட்டக்காரர்களும் அந்த 30,000 கிலோமீட்டர் சாலை வலையில் பயணித்தனர். மக்கள் வரியைப் பொருளாகவோ காசாகவோ செலுத்தாமல் உழைப்பாகச் செலுத்தினர். மீத்தா எனப்பட்ட இம்முறையில் சாலை போட்டவர்களுக்கும் படைக்குச் சென்றவர்களுக்கும் அரசுக் களஞ்சியங்களிலிருந்து உணவளிக்கப்பட்டது.

களஞ்சியக் கணக்குகள் கிப்பு எனப்பட்ட முடிச்சுக் கயிறுகளில் பதிவாயின. ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல வண்ண இழைகள் தொங்கும். இழையின் அடிப்பகுதியில் உள்ள முடிச்சுகள் ஒன்றுகளைக் குறிக்கும். அதற்கு மேல் பத்துகள், அதற்கும் மேல் நூறுகள். ஒன்றுகளின் இடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றி முடிச்சு இறுக்கப்பட்டிருக்கிறதோ அத்தனை எண். பூச்சியத்துக்கு அந்த இடம் வெறுமையாக விடப்படும். நாம் தாளில் எழுதும் பதின்ம இடமதிப்பு முறை கயிற்றில் இருந்தது என்பதே இதன் பொருள். எண்களைத் தவிரக் கதைகளும் வரலாறும் அவற்றில் பதிவாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினாலும் அப்பகுதி இன்னும் படித்தறியப்படவில்லை.

ஆழமான பள்ளத்தாக்குகளின் குறுக்கே இன்காக்கள் புல்லால் பாலம் கட்டினர். அவற்றுள் ஒன்று, பெருவில் அபுரீமாக் ஆற்றின் மீதுள்ள கெஸ்வாசாகா, இன்றும் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் புதிதாகக் கட்டப்படுகிறது. பக்கத்துக் கிராமங்களின் குடும்பங்கள் மலைப்புல்லை அறுத்து நனைத்து முறுக்கி மெல்லிய கயிறுகளைக் கொண்டுவருகின்றன; அவற்றை ஒன்றுசேர்த்துத் தொடையளவு தடித்த வடங்களாக முறுக்கி, இருகரைக் கற்களிலும் இழுத்துக் கட்டிய பிறகு, பழைய பாலத்தை வெட்டி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். நகரங்களின் சுவர்களைவிட இந்தப் பாலமே இன்கா ஆட்சி எப்படி இயங்கியது என்பதை எனக்கு நன்றாக விளக்குகிறது, ஏனெனில் அதில் கூலி இல்லை, முறை வைத்த உழைப்பு மட்டுமே இருக்கிறது.

இத்தகைய அரசு 1532-இல் இருநூறு பேருக்கும் குறைவான எசுப்பானியரிடம் வீழ்ந்தது எப்படி? துப்பாக்கியும் குதிரையும் ஒரு பகுதி விடைதான். எசுப்பானியருக்கு முன்பே அவர்களது நோய்கள் கண்டத்துக்குள் நுழைந்துவிட்டன. பேரரசர் வைனா கப்பாக் 1520-களில் பெரியம்மையால் இறந்ததாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். அவர் மகன்கள் வாஸ்கரும் அதவால்பாவும் நடத்திய வாரிசுப் போர் முடிந்த வேளையில் எசுப்பானியத் தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோ வந்து சேர்ந்தார். கஹமார்கா நகரில் அதவால்பாவைச் சிறைப்பிடித்து, ஓர் அறை நிறையப் பொன்னும் இருமடங்கு வெள்ளியும் மீட்புப் பொருளாகப் பெற்றபின் 1533-இல் கொன்றார். இன்காக்களால் அடக்கப்பட்டிருந்த பல இனங்கள் எசுப்பானியருக்குத் துணை நின்றன. படைகளைத் தொலைதூரம் நடத்தவென்று இன்காக்கள் கட்டிய சாலைகளே வெற்றியாளர்களையும் விரைவாகக் கொண்டு சென்றன.

1545-இல் இன்றைய பொலிவியாவில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பொட்டோசி மலையில் வெள்ளி கண்டறியப்பட்டது. எசுப்பானிய ஆட்சி அங்கே மீத்தாவைத் தன் விருப்பத்துக்கு வளைத்துக்கொண்டது: 1570-கள் முதல் சுற்றுவட்டார மாகாணங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் சுரங்கத்துக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தது. முன்பு களஞ்சியம் உணவளித்த முறை இப்போது உயிரைக் குடிக்கும் கட்டாய உழைப்பாயிற்று. வெள்ளியைப் பிரிக்கப் பயன்பட்ட பாதரசமும் பலரைக் கொன்றது. 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்நகரின் மக்கள்தொகை 1.5 லட்சத்தைத் தாண்டியது. அதன் வெள்ளி ஐரோப்பாவுக்கும், மணிலா வழியாகச் சீனாவுக்கும் சென்று உலக வணிகத்தின் நாணயமாயிற்று. அம்மலையில் இன்றும் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். வெளியே தேவாலயத்தில் வழிபடும் அவர்கள், உள்ளே நுழைந்ததும் எல் தீயோ என்னும் கொம்புடைய களிமண் உருவத்தின் வாயில் சிகரெட்டைப் பற்றவைத்து, காலடியில் கோகா இலையும் சாராயமும் வைத்துவிட்டே வேலையைத் தொடங்குவர்.

பண்பாட்டில் இந்த இரட்டைத் தன்மை மலைநாடு முழுவதும் காணப்படுகிறது. குஸ்கோவில் இன்காக்களின் சூரியக் கோயிலை இடித்து, அதன் அடிச்சுவர்களின் மேலேயே கிறித்தவ மடம் எழுப்பப்பட்டது. 1950 நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி சரிந்தபோது, சாந்தின்றிப் பொருத்தப்பட்ட இன்கா கற்சுவர்கள் அசையாமல் நின்றன. இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியை இன்றும் எண்பது லட்சம் பேர் அளவில் பேசுகின்றனர். பராகுவேயில் தாழ்நிலத்துக் குவாரனி மொழி எசுப்பானியத்துடன் ஆட்சிமொழியாக உள்ளது. பழங்குடி வழிவராதவர்களும் வீட்டில் அதைப் பேசுவது இவ்வரைக்கோளத்தில் அரிதான நிலை.

அட்லாண்டிக் கரையை ஆண்டீஸால் விளக்க முடியாது. அங்கே கடல்தான் திறவுகோல். 1494-இல் எசுப்பானியாவும் போர்ச்சுகலும் தோர்தெசிலாஸ் ஒப்பந்தத்தில் கோடு கிழித்துப் பங்கிட்டுக்கொண்டதன் விளைவாகக் கிழக்கு முனை போர்ச்சுகலுக்குப் போயிற்று. 1500-இல் போர்ச்சுகீசியக் கடலோடி கப்ரால் அங்கு இறங்கினார். கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் பொற்சுரங்கங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்குமாக ஆப்பிரிக்காவிலிருந்து 48 லட்சம் பேர் அளவில் அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டனர்; அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாடும் இத்தனை பேரைப் பெறவில்லை. அடிமைமுறை அங்கு 1888-இல்தான் ஒழிந்தது. காண்டோம்ப்ளே வழிபாடும், கப்போயிரா என்னும் தற்காப்பு ஆட்டமும், சம்பா இசையும் நடனமும் அம்மக்கள் கட்டிக்காத்தவற்றிலிருந்து வளர்ந்தவை. வடக்கே ஆங்கிலேயரின் கயானாவுக்கு 1838 முதலும், டச்சுக்காரரின் சுரினாமுக்கு 1873 முதலும் இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். கல்கத்தாவிலிருந்து வந்தவர்களே மிகுதி என்றாலும், சென்னைத் துறைமுகத்திலிருந்து கயானா சென்றோர் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு அங்கு இன்றும் தொடர்கிறது.

விடுதலைப் போர்களில் மலை மீண்டும் முன்னுக்கு வருகிறது. 1817-இல் சான் மார்ட்டின் அர்ஜென்டினாவிலிருந்து ஆண்டீஸைக் கடந்து சிலியை விடுவித்தார். 1819-இல் சிமோன் பொலிவார் வடக்கே அதே மலையைக் கடந்து கொலம்பியாவை வென்றார். 1824-இல் பெருவின் அயகுச்சோ போரில் எசுப்பானிய ஆட்சி முடிந்தது. பொலிவார் விரும்பிய ஒன்றியம் நிலைக்கவில்லை. நகரங்களுக்கிடையே மலையும் காடும் பாலைவனமும் பிரித்த நிலத்தில், பழைய எசுப்பானிய நிர்வாக வட்டங்களே தனித்தனி நாடுகளாயின. போர்ச்சுகலின் அரச குடும்பமே 1808-இல் குடிபெயர்ந்து வந்திருந்த பிரேசில், 1822-இல் விடுதலை பெற்றும் ஒரே நாடாக நீடித்தது. எல்லைகள் அதன்பிறகும் மாறின: அட்டகாமாவின் வெடியுப்புக்காக 1879-இல் தொடங்கிய போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது. கடலற்ற அந்நாட்டின் கடற்படை இன்று டிட்டிகாகா ஏரியில் பயிற்சி செய்கிறது.

அமேசான் காட்டைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. மனிதக் கை படாத காடு என்ற வழக்கமான வருணனை சரியன்று. 1542-இல் ஆற்றின் வழியே இறங்கிய எசுப்பானியர் ஒரெயானாவின் குழு கரையெங்கும் பெரும் குடியிருப்புகளைக் கண்டதாக எழுதியதைப் பிற்காலத்தவர் நம்பவில்லை. இன்று, கரித்துண்டும் குப்பையும் கலந்து மனிதர்கள் உருவாக்கிய கரிய வளமண் பல இடங்களில் கிடைத்துள்ளது. விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி எடுக்கப்பட்ட படங்களில், ஈக்வடாரின் ஆண்டீஸ் அடிவாரத்து உபானோ பள்ளத்தாக்கில் சுமார் 2,500 ஆண்டுகள் பழமையான மேடைகளும் நேர்ச் சாலைகளும் தெரிந்திருப்பதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. எரிமலைச் சாம்பல் வளப்படுத்திய மண் அது. ஐரோப்பிய நோய்களால் மக்கள் அழிந்த பின்னரே காடு இவ்விடங்களை மீண்டும் மூடியது.

இக்காடும் மலையும் சேர்ந்துதான் கண்டத்தின் தெற்கு நிலங்களுக்கு நீர் தருகின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் மழையாகப் பெய்ததும், மரங்கள் அதை உறிஞ்சி இலைவழி மீண்டும் காற்றில் விடுகின்றன. ஒரு பெரிய மரம் நாளொன்றுக்குப் பல நூறு லிட்டர் நீரை இவ்வாறு வெளியிடும். பறக்கும் ஆறுகள் என்று பிரேசில் அறிவியலாளர்கள் குறிப்பிடும் இந்த ஈரக்காற்று மேற்கே ஆண்டீஸை எட்டியதும், குறுக்கே மண்ணணை கட்டிய வாய்க்கால் நீர்போலத் தெற்கே திரும்பி, பொலிவியா, பராகுவே, தெற்குப் பிரேசில், வடக்கு அர்ஜென்டினா ஆகியவற்றின் வயல்களில் மழையாகிறது. பிரேசில் தன் அமேசான் காட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மேய்ச்சலுக்கும் சோயாவுக்கும் ஏற்கெனவே அழித்துவிட்டது. மலையின் மறுபக்கத்தில், ஒரு கோடி பேர் அளவில் வாழும் லிமா நகரம் மழையற்ற பாலைவனத்தில் அமர்ந்து, ஆண்டீஸிலிருந்து இறங்கும் ரீமாக் போன்ற ஆறுகளையே குடிநீருக்கு நம்பியிருக்கிறது. உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் பெரும்பகுதி பெருவில்தான் உள்ளது. அவை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன, பொலிவியாவின் சகல்தாயா பனியாறு 2009-இல் முற்றிலும் மறைந்தது. உயூனி உள்ளிட்ட உப்புப் படுகைகளில் கிடைக்கும் லித்தியத்துக்காக இப்போது பொலிவியாவும் சிலியும் அர்ஜென்டினாவும் போட்டியிடுகின்றன. உப்புநீரை வெயிலில் ஆவியாக்கிக் கனிமத்தைப் பிரிக்கும் அந்த முறைக்குத் தேவையான நீர், மழை அரிதான அதே உயர்நிலத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.